கணித இயற்பியல் முதுகலைக்கு விண்ணப்பம்: இயற்பியல் பட்டதாரிக்கு இடம் உண்டா?

4 அக்டோபர் 2024 – ஒரு வாசகரின் கேள்வி

நான் தென்மாவட்டக் கல்லூரி ஒன்றில் பி.எஸ்சி. இயற்பியல் இறுதியாண்டு படிக்கிறேன். ஜெர்மனியில் கணித இயற்பியல் முதுகலைக்கு விண்ணப்பிக்க விரும்புகிறேன். விசாரித்த இடத்தில் எல்லாம் ஒரே பதில்தான் வருகிறது: அது பி.எஸ்சி. கணிதம் படித்தவர்களுக்கான படிப்பு, இயற்பியல் மாணவர்கள் விண்ணப்பிப்பது பணத்துக்கும் காலத்துக்கும் கேடு. இது உண்மைதானா?

5 அக்டோபர் 2024

உண்மையில்லை. நானும் தமிழ்நாட்டில் இயற்பியல் படித்தவள்தான். இப்போது மியூனிக்கில் இந்தத் துறையில் முதுகலை படிக்கிறேன். எங்கள் வகுப்பில் இயற்பியலிலிருந்து வந்தவர்களும் இருக்கிறார்கள், கணிதத்திலிருந்து வந்தவர்களும் இருக்கிறார்கள். மியூனிக்கில் லூட்விக் மாக்ஸிமிலியன் பல்கலைக்கழகமும் தொழில்நுட்பப் பல்கலைக்கழகமும் இணைந்து நடத்தும் படிப்பின் பெயரிலேயே கோட்பாட்டு இயற்பியலும் கணித இயற்பியலும் சேர்ந்தே நிற்கின்றன. ஹாம்பர்க், லைப்சிக், ட்யூபிங்கன், வூர்ட்ஸ்பர்க் ஆகிய இடங்களிலும் இத்துறையில் முதுகலைப் படிப்புகள் உள்ளன. தேர்வுக்குழு உங்கள் பட்டத்தின் பெயரோடு நின்றுவிடுவதில்லை. எந்தப் பாடத்தை எவ்வளவு ஆழமாகப் படித்தீர்கள் என்பதைத்தான் துருவிப் பார்க்கிறது.

நம் இயற்பியல் பட்டதாரிகளுக்குச் சிக்கல் வருவது இங்கேதான். நம் கல்லூரிகளில் கணிதம் அலைடு பாடமாக வருகிறது. வகைநுண்கணிதம், தொகைநுண்கணிதம், ஃபூரியர் தொடர், வெக்டர் கால்குலஸ், சில வகைக்கெழுச் சமன்பாடுகள் என்று கணக்குப் போடக் கற்றுக்கொள்கிறோம். ஒரு தேற்றத்தை முதல் வரியிலிருந்து கடைசி வரி வரை நிரூபிக்கும்படி எவரும் நம்மைக் கேட்பதில்லை. எம்.எஸ்சி.யில் வரும் மேதமேட்டிக்கல் பிசிக்ஸ் தாளிலும் லெஜாண்டர், பெசல் சார்புகள், கலப்பெண் தொகையீடுகள் என்று கருவிகளே நிறைந்திருக்கின்றன. அவை தேவையானவைதான். ஆனால் இங்கே இந்தத் துறையில் எழுப்பப்படும் கேள்விகள் வேறு வகையானவை.

ஹைட்ரஜன் அணுவின் ஆற்றல் மட்டங்களைக் கணக்கிட்டு, அடிமட்டம் கழித்தல் 13.6 எலக்ட்ரான் வோல்ட் என்று எழுதியவுடன் நம் வகுப்பு முடிந்துவிடும். கணித இயற்பியலில் அதன் பிறகுதான் வேலை தொடங்குகிறது. பல எலக்ட்ரான்கள் கொண்ட அணுவின் ஹாமில்டனியன் (மொத்த ஆற்றலைக் குறிக்கும் கணித வடிவம்), காலப்போக்கில் ஒரே ஒரு விதமான பரிணாமத்தைத்தான் தருகிறதா? அதற்கான நிரூபணத்தை டோசியோ காட்டோ 1951-இல் வெளியிட்டார். எண்ணற்ற எலக்ட்ரான்களும் அணுக்கருக்களும் ஒன்றையொன்று ஈர்த்தும் விலக்கியும் கிடக்கையில், பொருள் ஏன் தனக்குள்ளேயே நொறுங்கிச் சரிவதில்லை? மொத்த ஆற்றலின் கீழ் எல்லை துகள்களின் எண்ணிக்கைக்கு நேர்விகிதத்தில்தான் இறங்கும் என்று ஃப்ரீமன் டைசனும் ஆண்ட்ரூ லெனார்டும் 1967-இல் நிரூபித்தார்கள். எலியட் லீபும் வால்டர் திர்ரிங்கும் 1975-இல் அதைவிட எளிய, பன்மடங்கு கூர்மையான நிரூபணத்தைத் தந்தார்கள். இரு எலக்ட்ரான்கள் ஒரே நிலையில் இருக்க முடியாது என்னும் பாலியின் விலக்கு விதியை எடுத்துவிட்டால் அந்த நேர்விகிதம் நிற்காது. நாம் உட்கார்ந்திருக்கும் நாற்காலி நாற்காலியாகவே இருப்பதற்கு அந்த விதி எவ்வளவு அவசியம் என்பதை ஒரு சமனின்மை காட்டித் தருகிறது என்று அறிந்தபோது எனக்கு ஏற்பட்ட சிலிர்ப்பு இன்றும் அடங்கவில்லை. இப்படிப்பட்ட கேள்வி உங்களையும் தூங்கவிடாமல் செய்கிறது என்றால் விண்ணப்பியுங்கள்.

6 அக்டோபர் 2024

நேற்று எழுதியதோடு நடைமுறைக்கான ஒன்றைச் சேர்க்கிறேன். மதிப்பெண் பட்டியலில் இருக்கும் தாள் பெயர்களை மட்டும் வைத்து, ஜெர்மனியில் இருக்கும் ஒரு பேராசிரியரால் எதையும் கணிக்க முடியாது. 'அலைடு மேத்ஸ் 2' என்ற வரி அவருக்கு எதைச் சொல்லும்? ஒவ்வொரு தாளுக்கும் அலகுவாரியான பாடத்திட்டம், வாரத்துக்கு எத்தனை மணி நேரம், எந்தப் பாடநூல் ஆகியவற்றைத் தொகுத்து ஒரே ஆவணமாக்கி இணையுங்கள். பல்கலைக்கழகத்தின் பாடத்திட்டக் கோப்பிலிருந்து எடுத்துத் துறைத்தலைவரின் கையொப்பமும் முத்திரையும் பெற்றுக்கொள்வது நல்லது. அங்கே ஓர் ஆண்டுப் படிப்புக்கு 60 இசிடிஎஸ் (ஐரோப்பியக் கிரெடிட் அளவு) புள்ளிகள். ஒரு புள்ளி என்பது வீட்டில் உட்கார்ந்து படிப்பதையும் சேர்த்து ஏறத்தாழ 30 மணி நேர உழைப்பு. நம் கிரெடிட் அப்படிக் கணக்கிடப்படுவதில்லை என்பதால் இரண்டையும் நேருக்கு நேர் ஒப்பிட்டு நீங்களே ஓர் எண்ணை இட்டு அனுப்பாதீர்கள். மணி நேரத்தைச் சொல்லுங்கள், மாற்றிக் கணக்கிடுவதை அவர்கள் பார்த்துக்கொள்வார்கள்.

9 அக்டோபர் 2024

8.2 சிஜிபிஏ போதுமா என்று ஒருவர் கேட்டிருக்கிறார். அதை ஜெர்மன் மதிப்பெண்ணாக, 'மாற்றியமைக்கப்பட்ட பவேரிய சூத்திரம்' என்பதைக் கொண்டு மாற்றுகிறார்கள். பெறக்கூடிய உச்ச மதிப்பெண்ணிலிருந்து உங்கள் மதிப்பெண்ணைக் கழியுங்கள். அதை, உச்ச மதிப்பெண்ணுக்கும் தேர்ச்சிக்கான குறைந்தபட்ச மதிப்பெண்ணுக்கும் உள்ள வித்தியாசத்தால் வகுங்கள். வந்ததை மூன்றால் பெருக்கி ஒன்றைக் கூட்டுங்கள். ஜெர்மன் அளவில் 1 மிகச் சிறந்தது, 4 தேர்ச்சியின் விளிம்பு.

இதில் பலரும் கவனிக்காமல் விடுவது தேர்ச்சி மதிப்பெண். 10-க்கு 8.2 வைத்திருப்பவரின் பல்கலைக்கழகத்தில் தேர்ச்சி 4 என்றால் விடை 1.9, தேர்ச்சி 5 என்றால் 2.08. ஒரே மாணவர், ஒரே உழைப்பு, ஆனால் எண் மாறிவிடுகிறது. ஆகவே உங்கள் பல்கலைக்கழகத்தின் தேர்ச்சி விதி மதிப்பெண் பட்டியலின் பின்பக்கத்திலோ தனிச் சான்றிதழிலோ தெளிவாக அச்சாகியிருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். இல்லையென்றால் தேர்வுக் கட்டுப்பாட்டு அலுவலகத்தில் எழுதி வாங்குங்கள். அதற்கு அலைச்சல் அதிகம், தெரியும், இருந்தாலும் வாங்குங்கள்.

13 அக்டோபர் 2024

நோக்க அறிக்கையைப் (எஸ்ஓபி) பற்றி மூன்று பேர் தனித்தனியே கேட்டுவிட்டார்கள். இந்த விண்ணப்பத்தில் முழுக்க முழுக்க உங்கள் கையில் இருக்கும் ஒரே பகுதி இதுதான் என்பதால் விரிவாகவே எழுதுகிறேன்.

சிறுவயதில் மொட்டைமாடியில் நின்று நட்சத்திரங்களைப் பார்த்தது, பிரபஞ்சத்தின் இறுதி விதியைக் கண்டறியும் கனவு, இழைக் கோட்பாட்டின் அழகு ஆகியவற்றை எழுதிப் பக்கத்தை நிரப்பாதீர்கள். அவை உங்களுக்கு உண்மையாகவே இருக்கலாம், எனக்கும் இருந்தன. ஆனால் படிப்பவருக்கு அவற்றிலிருந்து உங்கள் திறன் எதுவும் தெரியாது. அதற்குப் பதிலாக, நீங்கள் முழுவதுமாகப் புரிந்துகொண்ட ஒரே ஒரு சிறு கணக்கை எடுத்து, அதில் எது உங்களை நிறுத்தியது, எப்படித் தெளிந்தது என்று அரைப்பக்கத்தில் எழுதுங்கள்.

நான் எடுத்துக்கொண்டது அரைக்கோட்டில் உள்ள உந்த ஆப்பரேட்டர், அதாவது உந்தத்தைக் குறிக்கும் கணிதச் செயலி. சுழியில் ஒரு சுவர், அதற்கு வலப்புறம் மட்டுமே துகள் இருக்க முடியும் என்று வைத்துக்கொள்ளுங்கள். உந்தத்தை நாம் வழக்கமாக எழுதுவதுபோல் வகைக்கெழுவைக் கொண்டு எழுதி, அலைச்சார்பு சுவரில் பூச்சியமாக வேண்டும் என்று நிபந்தனை இட்டால், அந்த ஆப்பரேட்டர் சமச்சீராக இருக்கிறது. குவாண்டம் இயக்கவியல் வகுப்பில் 'ஹெர்மிஷியன், ஆகவே அளவிடத்தக்கது' என்று சொல்லி அடுத்த தலைப்புக்குப் போய்விடுவோம். ஆனால் உண்மையில் அளவிடத்தக்கதாக இருக்க, சமச்சீரைவிடக் கடுமையான 'தன்னிணைவு' (செல்ஃப்-அட்ஜாயிண்ட்) என்ற நிபந்தனை வேண்டும். அது தன்னிணைவானதா என்று சோதிக்க, இரண்டு எளிய சமன்பாடுகளின் தீர்வுகளைப் பார்க்க வேண்டும். ஒன்றின் தீர்வு வலப்புறம் போகப்போகத் தேயும் அடுக்குச்சார்பு. அதன் வர்க்கத்தைத் தொகையிட முடியும். மற்றொன்றின் தீர்வு வளர்ந்துகொண்டே போகும் அடுக்குச்சார்பு. அதைத் தொகையிட முடியாது. ஒரு பக்கம் ஒரு தீர்வு, மறுபக்கம் தீர்வே இல்லை. இந்த எண்ணிக்கைகள் சமமாக இல்லாததால், எந்த எல்லை நிபந்தனையை மாற்றி இட்டாலும் அந்த ஆப்பரேட்டரைத் தன்னிணைவாக்க முடியாது. அரைக்கோட்டில் உந்தம் என்ற அளவீடே இல்லை!

இதையே முடிவுள்ள ஓர் இடைவெளியில் செய்தால், இரு தீர்வுகளும் தொகையிடத்தக்கவை ஆகின்றன. அப்போது தன்னிணைவாக்க வழி உண்டு, அதுவும் ஒரு வட்டத்தின் புள்ளிகள் அளவுக்குப் பல வழிகள். இதன் இயற்பியல் பொருளைத் தேடிப் போனபோதுதான் எனக்கு வெளிச்சம் கிடைத்தது. உந்தம் என்பது இடப்பெயர்ச்சியை உண்டாக்குவது. அரைக்கோட்டில் அலையை இடப்புறம் நகர்த்தினால் அது சுவரில் மோதித் தொலைகிறது, நிகழ்தகவு குறைகிறது. இடைவெளியிலோ ஒரு முனையில் வெளியேறியதை ஏதோ ஒரு கட்டக்கோணத்தோடு மறுமுனையில் உள்ளே விட முடியும். அந்தக் கோணம்தான் வட்டத்தின் புள்ளி. பல மாலைகள் பிடித்தன எனக்கு இது விளங்க. அறிக்கையில் இதை எழுதி, இதற்கு மேல் படிக்க எனக்கு ஃபங்ஷனல் அனாலிசிஸ் வேண்டும், உங்கள் துறையில் அது முதல் பருவத்திலேயே இருக்கிறது என்று முடித்தேன்.

உங்கள் கணக்கு வேறாக இருக்கட்டும். ஐசிங் மாதிரியாக இருக்கலாம், சுழற்சிக் குழுக்களாக இருக்கலாம். ஆனால் ஒன்றாக இருக்கட்டும், ஐந்தாக வேண்டாம்.

14 அக்டோபர் 2024

மேலே சொன்னதில் ஓர் ஆபத்து இருக்கிறது என்று கணித ஆசிரியர் ஒருவர் சுட்டிக்காட்டியிருக்கிறார். அவர் சொல்வது முற்றிலும் சரி. அறிக்கையில் எழுதிய கணக்கிலிருந்தே நேர்காணலில் தோண்டுவார்கள். ஆகவே எங்கிருந்தோ எடுத்த கணக்கை எழுதி அனுப்புவது வினையாகிவிடும்.

நான் விண்ணப்பித்த ஓரிடத்தில் காணொளி நேர்காணல் இருந்தது. ஆப்பரேட்டர்களைப் பற்றி எழுதியிருந்ததால் முதல் கேள்வியே அங்கிருந்து வந்தது: நிலைக்கும் உந்தத்துக்கும் இடையிலான பரிமாற்ற உறவை (இரண்டையும் வரிசை மாற்றிப் பெருக்கிக் கழித்தால் பூச்சியம் அல்லாத ஒரு நிலையான எண் வரும் என்ற விதியை) முடிவுள்ள அணிகளால் நிறைவேற்ற முடியுமா? முடியாது. இருபுறமும் மூலைவிட்ட உறுப்புகளைக் கூட்டினால், இடப்புறம் எப்போதும் பூச்சியம், வலப்புறம் பூச்சியம் அல்லாத எண். இதைச் சொல்லி முடிப்பதற்குள் அடுத்தது வந்தது: முடிவிலாப் பரிமாணத்தில், ஆனால் வரம்புள்ள (அளவு முடிவுள்ளதாக இருக்கும்) ஆப்பரேட்டர்களால் முடியுமா? அங்கே மூலைவிட்டக் கூட்டல் உதவாது. நான் தயங்கியபோது, உந்தத்தின் அடுக்குகளோடு பரிமாற்றத்தைக் கணக்கிட்டுப் பாருங்கள் என்று ஒரு குறிப்புக் கொடுத்தார்கள். அடுக்கு கூடக்கூட ஒருபுறம் அந்த அடுக்கின் எண்ணே பெருக்கியாக வந்து நிற்கிறது. மறுபுறம் இரு ஆப்பரேட்டர்களின் அளவுகளால் மட்டுமே கட்டுண்டு நிற்கிறது. எந்த இயல் எண்ணும் ஒரு நிலையான எண்ணைத் தாண்டாது என்ற முரண்பாடு வருகிறது, ஆகவே முடியாது. இந்த நிரூபணம் ஹெல்முட் வீலாண்டுடையது, 1949. குறிப்பைப் பெற்ற பிறகுதான் முடித்தேன் என்பது எனக்கு எதிராகப் போகவில்லை. வாய்விட்டு யோசிப்பவரோடு அவர்கள் சேர்ந்து யோசிக்கிறார்கள். நம்மூர் வாய்மொழித் தேர்வின் அச்சத்தோடு அங்கே போய் உட்கார வேண்டியதில்லை.

20 அக்டோபர் 2024

பரிந்துரைக் கடிதம். 'ஒழுக்கமானவர், கடின உழைப்பாளி, தவறாமல் வகுப்புக்கு வருபவர்' என்று கல்லூரியின் கடிதத்தாளில் தட்டச்சு செய்து முத்திரை குத்தித் தரும் கடிதம் நம் கல்லூரிகளில் வழக்கம். எழுதித் தருபவரின் அன்பில் குறையில்லை. ஆனால் நீங்கள் கரும்பலகையில் ஒரு தேற்றத்தை நிரூபித்ததை நேரில் பார்த்தவர் எழுதும் நான்கு வரிகளுக்கு அது ஈடாகாது. அப்படிப் பார்த்தவர் எவரும் இல்லையென்றால், அதற்கான வாய்ப்பை உண்டாக்க இன்னும் நேரம் இருக்கிறது. இந்தியாவின் மூன்று அறிவியல் கழகங்கள் சேர்ந்து வழங்கும் கோடைக்கால ஆய்வு உதவித்தொகை, கணித மாணவர்களுக்கான எம்டிடிஎஸ் கோடைப் பயிற்சி, தரமணியில் உள்ள கணித அறிவியல் நிறுவனத்திலோ சிறுசேரியில் உள்ள சென்னைக் கணிதக் கழகத்திலோ ஒரு பேராசிரியரின் கீழ் வாசிப்புத் திட்டம் ஆகியவை நம் கைக்கெட்டும் தூரத்தில் இருப்பவை. மின்னஞ்சல் அனுப்பினால் எல்லோரும் பதில் தருவார்கள் என்று சொல்லமாட்டேன். என்ன படித்தேன், எங்கே நின்றுவிட்டேன் என்று ஆறேழு வரியில் தெளிவாக எழுதினால் பதில் வரும் வாய்ப்புக் கூடும்.

ரியல் அனாலிசிஸ், லீனியர் அல்ஜீப்ரா இரண்டையும் என்பிடெல் இணையவழி வகுப்புகள் வழியாகப் படித்து, நேரில் போய்த் தேர்வெழுதிச் சான்றிதழ் வாங்கி இணைப்பதும் பயனுள்ளது. பட்டத்தில் இருக்கும் பள்ளத்தை அது முழுவதும் நிரப்பிவிடாது; ஆனால் அந்தப் பள்ளம் இருப்பது இவருக்கே தெரிந்திருக்கிறது என்று காட்டும். தேர்வுக்குழுவுக்கு அது சிறிய செய்தியல்ல.

2 நவம்பர் 2024

பணம். பலரும் கேட்கத் தயங்கித் தனிமடலில் கேட்கிறார்கள். தயக்கமே வேண்டாம், இங்கேயே பேசலாம்.

2022 நவம்பர் 1 முதல் இந்திய மாணவர்கள் ஜெர்மன் மாணவர் விசாவுக்கு, நம் கல்விச் சான்றுகளைச் சரிபார்த்துத் தரும் ஏபிஎஸ் சான்றிதழ் பெற வேண்டும். கட்டணம் 18,000 ரூபாய். சான்றிதழ் கைக்கு வர எடுக்கும் காலத்தை நம்மால் கட்டுப்படுத்த முடியாது என்பதால் எல்லாவற்றுக்கும் முன் இதைத் தொடங்குங்கள். பல பல்கலைக்கழகங்களுக்காக விண்ணப்பங்களைப் பெற்றுச் சரிபார்க்கும் யூனி-அசிஸ்ட் அமைப்பு வழியாகப் போகும் விண்ணப்பங்களுக்கு முதலாவதற்கு 75 யூரோ, அதே பருவத்தில் அடுத்தடுத்த ஒவ்வொன்றுக்கும் 30 யூரோ. பிறகு முடக்கக் கணக்கு, அதாவது வாழ்க்கைச் செலவுக்கான பணத்தை முன்கூட்டியே போட்டுவைக்கும் வங்கிக் கணக்கு: நான் வந்தபோது ஓராண்டுக்கு 11,208 யூரோ காட்ட வேண்டியிருந்தது, 2024 செப்டம்பரிலிருந்து அது 11,904 யூரோ, மாதம் 992 வீதம் எடுத்துக்கொள்ளலாம். நம் பணத்தில் பத்து லட்சத்துக்கும் மேல். அது கட்டணமல்ல, உங்கள் பணமேதான், ஆனால் புறப்படும் முன் முழுத்தொகையும் அங்கே கிடக்க வேண்டும். எங்கள் வீட்டில் இந்தத் தொகைக்காக வங்கியில் கல்விக்கடன் பேசி முடித்ததுதான் முழு விண்ணப்பத்திலும் நெஞ்சைப் பிசைந்த பகுதி.

'ஜெர்மனியில் கல்விக்கட்டணம் கிடையாது' என்று பொதுவாகச் சொல்லிவிடுகிறார்கள். ஹாம்பர்கிலும் மியூனிக்கின் லூட்விக் மாக்ஸிமிலியனிலும் இந்தப் படிப்புக்குப் பருவப் பங்களிப்பு (செமஸ்டர்தோறும் கட்டும் சிறு தொகை) மட்டும்தான். ஆனால் ட்யூபிங்கன் இருக்கும் பாடன்-வூர்ட்டம்பர்க் மாநிலத்தில், ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியிலிருந்து வருவோருக்கு 2017 முதல் ஒரு பருவத்துக்கு 1,500 யூரோ. மியூனிக் தொழில்நுட்பப் பல்கலைக்கழகம் தன் முதுகலைப் படிப்புகளுக்கு 2024 குளிர்காலப் பருவத்திலிருந்து பருவத்துக்கு 4,000 அல்லது 6,000 யூரோ வாங்கத் தொடங்கியிருக்கிறது. விண்ணப்பிக்கும் ஆண்டில் அந்தந்தத் துறையின் பக்கத்தைப் பார்த்து முடிவு செய்யுங்கள்.

படிக்கும்போது வேலை செய்யலாமா என்ற கேள்விக்கு: ஆண்டுக்கு 140 முழு நாட்கள் வரை, சட்டம் அனுமதிக்கிறது. முதல் பருவத்தில் மட்டும் அதை நம்பித் திட்டமிடாதீர்கள். வாரந்தோறும் வரும் பயிற்சித்தாள்கள் உங்கள் மாலைகளைத் தின்றுவிடும்.

3 நவம்பர் 2024

நேற்றைய தொகையைப் பார்த்துவிட்டு, அப்படியென்றால் எங்களைப் போன்றவர்களுக்கு இல்லை என்று ஒரு மாணவி எழுதியிருந்தார். அந்த வரி இரவெல்லாம் மனத்தை அறுத்துக்கொண்டிருந்தது.

இல்லை, தங்கையே. பணம் கேட்காத கதவுகளும் இருக்கின்றன. இத்தாலியின் திரியெஸ்தே நகரில் அப்துஸ் சலாம் 1964-இல் நிறுவிய பன்னாட்டுக் கோட்பாட்டு இயற்பியல் மையமான ஐசிடிபி, நம்மைப் போன்ற நாடுகளின் மாணவர்களுக்காகவே ஓராண்டு டிப்ளமோ படிப்பை நடத்துகிறது. தேர்வானவர்களுக்கு உதவித்தொகை உண்டு. உயர் ஆற்றல் இயற்பியல், கணிதம் இரண்டும் அங்கே பிரிவுகளாக உள்ளன. கனடாவின் வாட்டர்லூவில் உள்ள பெரிமீட்டர் நிறுவனத்தின் முதுகலைப் படிப்பும் உதவித்தொகையோடு கூடியது. இவ்விரண்டுக்கும் போட்டி கடுமை. ஆனாலும் விண்ணப்பிக்கும் வரிசையில் இவற்றை முதலில் வையுங்கள், ஜெர்மனியைப் பிறகு வையுங்கள். கேம்பிரிட்ஜின் மூன்றாம் பகுதித் தேர்வுக்கான ('பார்ட் த்ரீ' எனப்படும்) ஓராண்டுக் கணிதப் படிப்புப் புகழ்மிக்கது. உதவித்தொகை கிடைக்காமல் அதற்குக் கடன் வாங்குமாறு நான் எவருக்கும் சொல்லமாட்டேன்.

ஜெஸ்ட் என்ற நுழைவுத் தேர்வு எழுதித் தரமணியின் கணித அறிவியல் நிறுவனத்துக்கே போகும் வழியும் உண்டு. அது இரண்டாந்தர வழியல்ல. அங்கே நான் கேட்ட சில உரைகளின் தரத்தில் இங்கும் எல்லா வாரமும் கேட்கக் கிடைப்பதில்லை.

11 ஜனவரி 2025

பி.எஸ்சி. கணிதம் முடித்த ஒருவர் எதிர்ப்பக்கத்துக் கேள்வியைக் கேட்கிறார்: எனக்கு நிரூபணம் வரும், இயற்பியல் பள்ளியோடு நின்றுவிட்டது, என்ன செய்வது?

லக்ராஞ்சிய, ஹாமில்டனிய இயக்கவியலையும் ஒரு பருவக் குவாண்டம் இயக்கவியலையும் படித்துவிட்டு வாருங்கள். தேற்றங்களாக மட்டும் படிக்காதீர்கள். அலையியற்றியின் ஆற்றல் மட்டங்களை ஏற்ற, இறக்க ஆப்பரேட்டர்களைக் கொண்டு கையால் கணக்கிடுங்கள், ஓர் எண்ணை யூனிட்டோடு எழுதுங்கள். கணிதத்திலிருந்து வந்த என் வகுப்புத் தோழர்கள் தடுமாறியது, எந்த உறுப்பு சிறியது, எதை விட்டுவிடலாம் என்று முடிவெடுக்கும் இடத்தில்தான். நாங்கள் தடுமாறியது, எதை விட்டுவிடக் கூடாது என்ற இடத்தில். மியூனிக்கில் கணிதத் துறை தெரேசியன் தெருவில் 39ஆம் எண்ணிலும் கோட்பாட்டு இயற்பியல் மையம் 37ஆம் எண்ணிலும் இருப்பதால், இரு சாராரும் ஒரே மேசையில் அமர்ந்து பயிற்சித்தாளைப் பங்கிட்டுக்கொள்வது இயல்பாகவே நடந்தது. தனியாகச் செய்தவர்கள்தான் மிகவும் சிரமப்பட்டார்கள்.

18 மே 2025

முதலில் கேள்வி கேட்டவருக்கு ஓரிடத்திலிருந்து நிபந்தனையோடு அனுமதி வந்திருக்கிறது. மிகுந்த மகிழ்ச்சி! முதலாண்டுக்குள் அனாலிசிஸ் பாடம் ஒன்றையும் லீனியர் அல்ஜீப்ரா பாடம் ஒன்றையும் கூடுதலாக எழுதித் தேற வேண்டும் என்பது நிபந்தனை. இதை ஏற்பதா, அடுத்த ஆண்டு மீண்டும் முயல்வதா என்று கேட்கிறார்.

ஏற்றுக்கொள்ளுங்கள். இயற்பியல் பட்டதாரிக்கு அந்த இரண்டும் எப்படியும் தேவை. அங்கே போய் அவர்கள் முறையிலேயே கற்பது நல்லதுதான். கேட்டுத் தெளிய வேண்டியவை இரண்டு: கூடுதல் பாடங்களின் புள்ளிகள் முதுகலையின் 120 புள்ளிகளில் சேருமா, சேராதா, அவை ஆங்கிலத்தில் நடக்கின்றனவா, ஜெர்மனிலா. இளங்கலைப் பாடங்கள் பெரும்பாலும் ஜெர்மனில்தான் நடக்கும். ஜெர்மன் என்றால் இன்றே மொழி வகுப்பில் சேருங்கள். கணித ஜெர்மன் பேச்சு ஜெர்மனைவிட எளிது, ஒரே முந்நூறு சொற்கள்தான் திரும்பத் திரும்ப வரும். முதல் பருவத்தில் அனாலிசிஸை எடுத்துக்கொண்டு, குவாண்டம் புலக் கோட்பாட்டை இரண்டாமாண்டுக்குத் தள்ளுங்கள். துறையின் படிப்பு ஆலோசகருக்கு இந்தக் கேள்விகளை இந்த வாரமே அனுப்பிவிட்டு, பதில் வந்ததும் சென்னைத் துணைத்தூதரகத்துக்கான விசா முன்பதிவைப் பாருங்கள். கோடையில் நாள் கிடைப்பது கடினம்.